பகல் கடையில், இரவு உங்கள் அடுப்பில்

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்கா குடும்பம் ஓகஸ்ட் லீவுக்கு வருகிறது. அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. போன வருடம் அவளுக்குச் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்து, குளூட்டன் என்ற புரதம் இருக்கிற கோதுமையும் பார்லியும் வாயில் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குடும்பம், அக்கா குடும்பம், அம்மா என்று எல்லாருமாகப் பன்னிரண்டு பேர் முல்லைத்தீவுக் கடற்கரையில் நாலு நாள் நிற்கப் போகிறோம். அத்தான் ஆட்கள் வேதக்காரர் என்பதால் அதற்குப் பிறகு மடு மாதா கோயிலுக்கும் போக எண்ணம். 'குளூட்டன் இல்லாத உணவகம் அங்கே இருக்குதா?' என்று அக்கா போனில் ஒவ்வொரு நாளும் கேட்கிறா. நான் எங்கே போய்த் தேட? அம்மாவோ, 'ஒரு வாய் சாப்பிட்டால் என்ன வந்துவிடும், ஊர்ச் சாப்பாடு ஒன்றும் செய்யாது' என்கிறா. எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடும்போது பிள்ளையை மட்டும் தனியாக ஒரு பெட்டிச் சாப்பாட்டோடு இருத்த எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் இருந்தே தொடங்குகிறேன். பிள்ளையைத் தனியே இருத்த மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருத்தவே தேவையில்லை. பன்னிரண்டு பேரும் ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிடுகிற மாதிரி ஒழுங்கு செய்வதுதான் இதற்கு நல்ல வழி. வன்னியில் அது கனடாவை விட லேசு. ஆனால் எந்த நேரம், எந்தச் சாப்பாடு என்பதில் கவனம் வேண்டும்.

குளூட்டன் இல்லாத உணவகம் என்று பெயர்ப்பலகை போட்ட கடையைத் தேடி அலையாதீர்கள். பதிலாக எங்கள் பக்கத்துக் கடைகளின் நாளை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முல்லைத்தீவிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு சாதாரண சாப்பாட்டுக்கடைக்குள் போனால் சோறு, மீன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய் பால்கறி, ஒரு வறை, சொதி. இவை எல்லாம் அரிசியும் தேங்காயும் மரக்கறியும் மீனும். குழம்பைத் தடிப்பாக்குவது தேங்காய்ப்பால்தான், மா இல்லை. அதே கடைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு போங்கள். சோற்றுச் சட்டி கழுவிக் கவிழ்த்தாயிற்று. கொத்துக் கல் சூடாகிவிட்டது, மேசையில் பராட்டா மா உருண்டை உருண்டையாக இருக்கிறது, பக்கத்தில் தோசை, இடியப்பம், பிட்டு. மா பறக்கிற அந்த நேரத்தில் அந்தக் குசினியில் அந்தப் பிள்ளைக்கென்று எதைச் செய்து தரக் கேட்டாலும் நான் சம்மதிக்க மாட்டேன். ஆகவே கடைச் சாப்பாடு மத்தியானம் மட்டும். காலையும் இரவும் நீங்கள் சமைக்க வேண்டும். அக்காவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், அவவின் பாதிப் பதற்றம் குறையும்.

அடுத்ததாக அக்காவை நீங்கள் எச்சரிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரொறன்ரோவில் தென்னிந்தியக் கடையில் தோசை, இட்லி வாங்கிக் கொடுத்துப் பழகியிருப்பா. அங்கே அது அரிசியும் உளுந்தும். எங்கள் ஊர்த் தோசை அப்படியில்லை என்பது உங்களுக்குத் தெரியும்: உளுந்தை அரைத்துக் கோதுமை மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பதுதான் இங்கே வழக்கம். இட்லிக்கு ரவை சேர்ப்போம், ரவை கோதுமைதான். பிட்டு மெதுவாக வர வேண்டும் என்று அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலப்போம். வெள்ளை இடியப்பம் பெரும்பாலும் முழுக்கக் கோதுமை மா. சிவப்பு இடியப்பத்திலும் கலவை இருக்கலாம். குரக்கன் ரொட்டியில் குரக்கனை விடக் கோதுமை மா கூடுதலாக இருக்கிற கடைகளும் உண்டு. அப்பத்தையும் கேட்காமல் நம்ப முடியாது. ஊர்ச் சாப்பாடு என்றால் அரிசிச் சாப்பாடு என்று வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் பிள்ளைகளுக்குச் சுகமில்லாமல் போகிறது.

கடையில் கேட்கும்போது குளூட்டன் என்று கேட்காதீர்கள். முதலாளி தலையை ஆட்டுவார், விளங்கியிருக்காது. 'மா போட்டதா?' என்றும் கேட்காதீர்கள், நீங்கள் கேட்பது அரிசி மாவையா கோதுமை மாவையா என்று அவருக்கு விளங்காது. நேராக இப்படிச் சொல்லுங்கள்: 'அண்ணை, பிள்ளைக்கு வருத்தம். கோதுமை மா, ரவை, பாண் தூள், சோயா சோஸ் துளியும் படக்கூடாது. நாளைக்கு மத்தியானம் நாங்கள் பன்னிரண்டு பேர் வருகிறோம். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. வெள்ளைச் சோறு, மீன் குழம்பு, பருப்பு, ஒரு பால்கறி, சொதி. அடுப்பால இறக்கின உடனே எங்களுக்கு முதலில் எடுத்து வைக்க ஏலுமோ?' முதல் நாளே போய், முடிந்தால் சமைக்கிற அம்மாவிடமே சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்குத் தனியாகச் சமை என்றால் கடைக்காரர் சலிப்பார். பன்னிரண்டு சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்தால் அது அவருக்கு ஒரு நல்ல ஓடர், கவனமாகச் செய்வார். பிள்ளைக்கும் தன்னால் வந்த தொல்லை என்ற எண்ணம் வராது. பெரிய குடும்பமாக வருவது உங்களுக்குப் பாரம் போலத் தோன்றலாம், இந்த இடத்தில் அதுதான் உங்கள் பலம்.

எல்லாருக்கும் பரிமாறத் தொடங்க முன் அவளுடைய கோப்பையில் போட்டுவிடச் சொல்லுங்கள். சோற்றுக் கரண்டி வேறு சட்டிக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு அவளுக்கு வேண்டாம்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், முல்லைத்தீவுக்குப் போய் மீன் சாப்பிடாமல் யார் வருவார்கள்! குழம்பு மீன் நல்லது. பொரித்த மீன்தான் சிக்கல். சில கடைகளில் மீன் ஒட்டாமல் இருக்க மாவில் பிரட்டுகிறார்கள். மாவில் பிரட்டாவிட்டாலும், காலையில் ரோல்ஸ், கட்லட், பூரி பொரித்த அதே எண்ணெய்தான் தாச்சியில் இருக்கும். எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் குளூட்டன் அழியாது. அது கிருமி இல்லை, ஒரு புரதம், சூட்டில் அதன் தீங்கு போகாது. அதே எண்ணெயில் பொரித்த அப்பளமும் மோர்மிளகாயும் கூட அவளுக்கு ஆகாது. டெவில் கணவாய், டெவில் இறால் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். சோயா சோஸ் கோதுமையில் செய்வது, அந்தக் கறிகளுக்கு மாவும் தூவுவார்கள். ஃப்ரைட் ரைஸும் அதே சோஸால் விலக்கு. நந்திக்கடல் இறாலும் நண்டும் நீங்களே வாங்கி உங்கள் தூளில் கறி வைத்துக் கொடுங்கள், டெவிலை ஒருவரும் தேட மாட்டார்கள்.

சைவக்கடை என்றால் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விடயத்தில் மீன் கடையை விடச் சைவக்கடைக்கு நான் கூடுதலாகப் பயப்படுகிறேன். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்த்திருப்பது சாதாரணம், அது சாம்பாரிலும் ரசத்திலும் போகிறது. இறைச்சிக்குப் பதிலாகப் போடுகிற சோயாவிலும் கோதுமை கலந்த வகைகள் உண்டு. வடையும் பூரியும் நாள் முழுக்க அதே எண்ணெயில். கோயில் அன்னதானத்துக்கும் இதுவே கணக்கு: வெறும் சோறும் தயிரும் சரி, சாம்பாரை விடுங்கள். வற்றாப்பளையில் பொங்கல் கிடைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம், அரிசியும் பயறும் பாலும் சர்க்கரையும்தானே.

தங்குகிற இடத்தைப் பிடிக்கும்போது கடல் தெரிகிறதா என்பதற்கு முன் அடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். குசினியோடு ஒரு வீடு எடுத்தால் மிச்சம் எல்லாம் சுகம். அவர்களுடைய சட்டி பானை உங்களுக்கு வேண்டாம். கிளிநொச்சிச் சந்தையில் புதிதாக இரண்டு மண்சட்டி, ஒரு சிரட்டை அகப்பை, ஒரு அரிதட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிட்டு அவிக்கிறதென்றால் நீத்துப்பெட்டியும் புதிதாக வேண்டும். பழைய நீத்துப்பெட்டியின் ஓலை இடுக்கில் எத்தனையோ நாள் மா ஒட்டிக்கிடக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. இடியப்பத் தட்டும் அப்படித்தான். எவர்சில்வர் பாத்திரத்தைச் சவர்க்காரம் போட்டு வடிவாகக் கழுவினால் போதும். ஓலை, பிரம்பு, மரம், அரிதட்டு ஆகியவற்றில்தான் எனக்குப் பயம்.

அரிசி மாவைக் கடையில் வாங்காமல் வீட்டு அரிசியை ஊறவைத்து இடிப்பித்தோ அரைத்தோ கொண்டுபோங்கள். மில்லில் அரைப்பதென்றால் அன்றைக்குச் சத்துமா அரைத்தார்களா என்று கேளுங்கள். சத்துமாவில் கோதுமையும் பார்லியும் போடுவது உண்டு. முதலில் உங்கள் அரிசியில் ஒரு கிலோவை ஓடவிட்டு, அந்த மாவை உங்கள் வீட்டுப் பாவனைக்கு வைத்துக்கொண்டு, பிறகு வருவதைப் பிள்ளைக்கு எடுங்கள். மிளகாய்த்தூளும் வீட்டில் வறுத்து அரைத்ததே வேண்டும். இவ்வளவும் கையில் இருந்தால் காலையில் சிவப்பரிசி மாப் பிட்டும் மீன் குழம்பும், இரவில் அரிசி மா இடியப்பமும் சொதியும் சம்பலும் எல்லாரும் சாப்பிடலாம். பெரியவர்களுக்குப் பாண் வேண்டுமென்றால் அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், நாலு நாள்தானே.

ஒரு இரவு கட்டாயம் கூழ் காய்ச்சுங்கள். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் குளூட்டன் கிடையாது. நண்டு, இறால், மீன் தலை, பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், பழப்புளி எதிலும் இல்லை. காலையில் வலை இழுத்து வருகிற நேரம் கடற்கரைக்குப் போய் மீனை வாங்குங்கள். ஒடியல் மாவை மறக்காமல் தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரை வடித்துக் கசப்பைப் போக்கிக் கரையுங்கள். மாவைப் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்திலோ தெரிந்த வீட்டிலோ வாங்குங்கள். சந்தையில் திறந்து வைத்திருக்கிற மாவில் பக்கத்து மூட்டையின் அகப்பை போய் வந்திருக்கும். பெரிய பானையைச் சுற்றிப் பன்னிரண்டு பேரும் பனையோலைப் பிளாவில் குடிக்கிறபோது, தனக்கு ஒரு சாப்பாடு விலக்கு என்ற நினைப்பே அந்தப் பிள்ளைக்கு இருக்காது. நான் இந்த நோயுள்ள குடும்பங்களுக்குச் சொல்கிற எல்லாச் சாப்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வழிப் பயணம். கட்டுநாயக்காவில் இறங்கி ஏ9 வழியாக வரும்போதுதான் பசி முதலில் பிடிக்கும். அக்கா அங்கிருந்து கொண்டுவருகிற பிஸ்கட் இருக்கட்டும். முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள், கோதுடன் வறுத்த கச்சான் அவளுக்கு ஒன்றும் செய்யாது. தோலுரித்து மாப் பிரட்டிப் பொரித்த கச்சானைத் தவிருங்கள். வாழைப்பழம், இளநீர், நுங்கு, எருமைத் தயிர், அவித்த சோளன், காலம் பிந்தாவிட்டால் பாலைப்பழம், எல்லாம் கொடுக்கலாம். அம்மாச்சி உணவகங்களில் சமைக்கிற பெண்களை நேரிலேயே கண்டு கேட்கலாம் என்பது நல்ல வசதி, ஆனால் அங்கும் பிட்டையும் தோசையையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஐஸ்கிறீமைக் கப்பில் கொடுங்கள், கோனில் வேண்டாம். மைலோ, நெஸ்டமோல்ட், ஹோர்லிக்ஸ் மூன்றிலும் பார்லி மோல்ட் இருக்கிறது. களைத்து வந்த பிள்ளைக்கு உறவினர் வீட்டில் அன்போடு முதலில் நீட்டுவது அதைத்தான், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பலகாரத்தில் எள்ளுருண்டை மட்டும் பயமில்லாமல் கொடுக்கலாம். முறுக்கு, பயித்தம் பணியாரம், கொழுக்கட்டை, அரியதரம் எல்லாவற்றிலும் கோதுமை மா சேர வாய்ப்பு இருக்கிறது. கிளிநொச்சியில் சோறு கட்டிக்கொண்டு பரந்தன் வழியாக முல்லைத்தீவுக்குப் போவதென்றாலும் சரி, ஆனால் அந்த வெக்கையில் சோற்றையும் கறியையும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்துக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் அம்மா. 'ஒரு வாய்' என்பதற்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன். ஒரு துண்டுப் பாணில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்குத் தாங்கக்கூடியது என்று ஆய்வாளர்கள் சொல்லும் எல்லை 10 மில்லிகிராம் அளவுதான். அந்தப் பாண் துண்டை இருநூறாக நறுக்கினால் அதில் ஒரு துணுக்கு. நாளுக்கு 50 மில்லிகிராம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தபோது குடலின் உட்சுவர் பழுதடைந்தது. இது ஒத்துவராமை இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்குகிற நோய். குடலில் சத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல் போன்ற முளைகள் தேய்ந்துபோகும். பிள்ளை உயராது, இரத்தச்சோகை வரும், எலும்பு பலவீனமாகும். மாறி வளர்ந்து சுகமாகிற நோயுமில்லை, மருந்துமில்லை. சாப்பாடுதான் மருந்து. சாப்பிட்ட உடனே வயிறு வலிக்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, வெளியே தெரியாமலும் உள்ளே பழுது நடக்கும். ஆகவே 'கொடுத்துப் பார்ப்போம்' என்ற சோதனையை யாரும் செய்ய வேண்டாம்.

அம்மாவுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லாமல் பக்கத்தில் இருத்தி ஆறுதலாகச் சொல்லுங்கள். 2009 போரை வன்னிக்குள் இருந்து கடந்த ஒரு தாய்க்கு, பேரப்பிள்ளை ஒரு சாப்பாட்டை வேண்டாமென்று தள்ளுவது சின்ன விடயமில்லை. நிவாரண மாவில் ரொட்டி சுட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றிய கைகள் அவை. அந்த மா இந்தப் பிள்ளைக்கு நஞ்சு என்று கேட்க அவவுக்கு வலிக்கும். அவவிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்: பிள்ளையின் மண்சட்டியும் அகப்பையும் அம்மம்மாவின் காவலில். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது, அவவைக் கேட்காமல் பிள்ளைக்கு ஒருவரும் ஒன்றும் நீட்டக்கூடாது. இப்படிப் பொறுப்பு ஏற்ற பாட்டிமாரை நான் பார்த்திருக்கிறேன். வைத்தியரை விடக் கண்டிப்பாக நிற்பார்கள்.

நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்றொரு பிள்ளை வைத்தியர் இருந்தார். 1944-45 குளிர்காலத்தில் போரினால் அங்கே பெரும் பஞ்சம், பாண் கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் வாடியபோது அவருடைய சீலியாக் நோயாளிப் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. கோதுமைதான் காரணம் என்ற அவருடைய சந்தேகத்தை அது உறுதிப்படுத்தியது. பஞ்சத்தையும் போரையும் கண்ட உங்கள் அம்மாவுக்கு இந்தக் கதை மற்ற எல்லா விளக்கத்தையும் விட நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

மடுவைப் பற்றி. ஓகஸ்ட் 15 திருவிழா நாட்களில் போவதென்றால் கடைகளில் நெரிசல், கேட்டுச் சாப்பிட முடியாது. ஆனால் மரத்தடியில் கல் வைத்துச் சமைத்துச் சாப்பிடுவது மடு யாத்திரிகருக்குப் பழக்கமானதுதான், உங்கள் மண்சட்டிகளைக் காரில் இருந்து இறக்காதீர்கள். பிள்ளை முதல் நன்மை எடுத்திருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது. சீலியாக் உள்ளவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் அருந்தி நன்மை எடுக்கத் திருச்சபை அனுமதிக்கிறது. அக்கா கனடாவில் இதற்கு ஏற்கெனவே ஒழுங்கு செய்திருப்பா. இங்கே அத்தான் பூசைக்கு முதல் சுவாமியாரைக் கண்டு பேசட்டும். வேறொருவர் அப்பம் தோய்க்காத கிண்ணமாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் ஒருநாள் தவறிப் போகலாம். தவறினால் ஒருவரை ஒருவர் குறை சொல்லி பிள்ளையை அழவைக்காதீர்கள். இதற்கு முறிவு மருந்து இல்லை. சத்தி, வயிற்றோட்டம் வந்தால் நீரிழப்புக்குக் கொடுக்கிற ஜீவனியைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், கஞ்சியும் இளநீரும் கொடுத்து ஓய்வெடுக்க விடுங்கள். குடித்தது நிற்காமல் சத்தி எடுத்தால், சிறுநீர் குறைந்தால், பிள்ளை சோர்ந்து மயங்கினால் காத்திருக்காமல் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலோடு வயிற்றோட்டம் என்றால் அது கோதுமையால் வந்ததாக இருக்காது, வேறு கிருமியாக இருக்கலாம், அப்போதும் வைத்தியரிடம் காட்டுங்கள். அவளுடைய நோய் விபரத்தைக் கனடா வைத்தியரிடம் எழுதி வாங்கி, ஒரு படம் அக்காவின் போனிலும் ஒன்று உங்கள் போனிலும் வைத்திருங்கள். இங்கே சீலியாக் நோயாளிகள் குறைவு, அவசரத்தில் ஒவ்வொரு வைத்தியருக்கும் முதலில் இருந்து விளக்கிக்கொண்டு நிற்க முடியாது.

தங்குமிடத்துக்குச் சொல்ல முதல் அந்த வீட்டுக் குசினியை ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்படியே பக்கத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தக் கடை ஒத்துவரும் என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டு வையுங்கள். 'சோயா சோஸ் போடுறீங்களோ' என்று கேட்டவுடன் நின்று யோசித்துப் பதில் சொல்கிற கடையைத் தெரிவுசெய்யுங்கள். யோசிக்காமல் 'ஒண்டும் இல்லை, பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது' என்பவரின் கடை வேண்டாம்.